பாதயாத்திரைக்குத் துணை வண்டி: பனிக்குள் ஓட்டிய அனுபவம்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியோடு எங்கள் வீட்டு ஆட்களும் வருஷா வருஷம் நடப்பார்கள். பாய், மாற்று உடை, தண்ணீர் கேன், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் கூடவே போகும். அதை ஓட்டிக்கொண்டிருந்த அம்மானுக்குக் கண் ஆபரேஷன் ஆனதால் இந்த முறை சாவி என் கைக்கு வந்தது. காரைக்குடி, தேவகோட்டைச் சாலைகள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் விடியுமுன், பனிக்குள், நம் ஆட்கள் வெறுங்காலோடு முன்னால் நடந்துகொண்டிருக்கும்போது ஓட்டுவது வேறு வேலை. அடுத்து ஓட்டப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

தை மாதத்தில் கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும், வயலும் ஈரமாக இருக்கும். மேகமில்லாமல், காற்றும் இல்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று பனிமூட்டமாகிவிடும். திருப்பத்தூர் தாண்டி சிங்கம்புணரிக்குப் போகும் வழியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மேட்டில் சாலை பளிச்சென்று தெரியும். கண்மாய் ஓரப் பள்ளத்தில் இறங்கினால் வெள்ளைச் சுவர். “பள்ளத்துக்கு முன்னாடியே வேகத்தைக் கொறைச்சுடு தம்பி, உள்ளே போயிப் பிரேக்கைத் தேடாதே” என்று அம்மான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சூரியன் கிளம்பினால் தெளிந்துவிடும் என்றும் நம்ப முடியாது. உதயத்தை ஒட்டிய நேரத்தில்தான் பல நாள் மூட்டம் இன்னும் அடர்ந்தது.

வெளிச்சத்தில் தொடங்குகிறேன். ஒன்றும் தெரியவில்லை என்றதும் கை தானாக பிரைட்டுக்குப் போகும். போடவே கூடாது. பனியின் நீர்த்துளிகளில் பட்டு அந்த வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். டிம்மில் வைத்தால்தான் தார் தெரிகிறது. பம்பருக்குக் கீழே பொருத்திய பனிவிளக்கு இருந்தால் நல்லது. அது மஞ்சளாக இருக்க வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். என் அனுபவத்தில் நிறத்தைவிட, தாழ்வாக இருந்து சாலையை ஒட்டி வெளிச்சம் அடிப்பதுதான் முக்கியம். நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஓடுவதும் நம் பக்கத்துப் பழக்கம். அப்படி ஓடினால் நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நடப்பவர்களோடு ஊர்ந்துபோகும்போதும் நிறுத்தியிருக்கும்போதும் மட்டும் அதைப் போட்டேன்.

அடுத்தது கண்ணாடி. உள்ளே நாலு பேர் உட்கார்ந்தாலே மூச்சுக்காற்றில் மங்கிவிடும். ஏசியைப் போட்டு, காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சீக்கிரம் தெளியும். சில நேரம் துடைக்கத் துடைக்க மங்கலாகவே இருக்கும். அப்போது விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் வெளிப்பக்கம் இருந்தால் ஏசிக் குளிர் அதிகம் என்று அர்த்தம். குளிரைக் குறைத்து, வைப்பரை ஒருமுறை ஓட்டினால் போதும்.

பனியில் நம் வேகம் நமக்கே குறைவாகத் தெரியும், அதுதான் பெரிய ஆபத்து. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. கண்ணுக்கு 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால், கால் பிரேக்குக்குப் போவதற்குள் பாதித் தூரம் போய்விடும். தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் வேகம், மீட்டரில் அது 20 ஆக இருந்தாலும் சரி. முன்னால் போகும் பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவது சுலபமாகத் தோன்றும். ஆனால் அந்த விளக்கு கண்ணில் இருக்க வேண்டும் என்பதற்காகவே அதன் வாலை ஒட்டிப் போய்விடுவோம். நான் சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டினேன், ரேடியோவை அணைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். சமுத்திராபட்டிக்கு முன்னால் டிராக்டர் சத்தம்தான் முதலில் காதில் விழுந்தது. வைக்கோல் ஏற்றிய டிரெய்லர், பின்னால் ஒரு விளக்குக்கூட இல்லை. மெதுவாக வந்ததால் அதன் பின்னாலேயே நிதானமாக நிற்க முடிந்தது. சாலையில் சிந்திய வைக்கோல் பனியில் நனைந்தால் வழுக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல வருவது. நடப்பவர்களுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து அவர்கள் குதிகாலை ஒட்டி வண்டியை ஓட்டுகிறோம். பின்னால் ஒரு லாரி முட்டினால் நம் வேன்தான் அவர்கள் மேல் போய் விழும். அதனால் நல்ல இடைவெளி விட்டே போனேன். அகலமான இடங்களில் கூடவே போவதை விட்டுவிட்டு, முன்னால் போய், தாரை விட்டு முழுவதும் மண்ணில் இறக்கி நிறுத்திக் காத்திருந்தேன். நிற்க வேண்டி வந்தால் வண்டியிலுள்ள முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது மீட்டர் தள்ளி வையுங்கள். கல்லையும் மரக்கிளையையும் சாலையில் போடாதீர்கள். கிளம்பும் அவசரத்தில் அதை எடுக்க மறந்தால் அடுத்து பைக்கில் வருகிறவர் விழுவார்.

பச்சை வேட்டியும் காவியும் இருட்டில் தெரியவே தெரியாது. தோள் பையில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், நல்லதுதான். ஆனால் பையின் மேல் துண்டு விழுந்தால் அதுவும் மறைந்துவிடும். லாரிகளுக்கு ஒட்டும் ரிஃப்ளெக்டர் டேப்பை வாங்கி வந்து கொடுத்தேன். ஆத்தா அதைத் துணிப்பட்டையில் வைத்துத் தைத்து, ஆளுக்கு இரண்டாகக் கணுக்காலில் கட்டிவிட்டார்கள். டிம் வெளிச்சம் தாழ்வாக அடிப்பதால் முதலில் படுவது கால்தான். இரண்டு புள்ளிகள் மாறி மாறி ஏறி இறங்குவதைப் பார்த்ததுமே ஆள் நடக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. கைத்தடி வைத்திருந்த அப்பச்சிக்குத் தடியின் அடியிலும் ஒட்டினோம்.

நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியில் சாலை அகலம், வெளிச்சமும் அதிகம். அங்கே பனியைவிட வேகமாக வரும் வண்டிகளைத்தான் கவனிக்க வேண்டியிருந்தது. நம் ஆட்கள் பலர் ஊருக்கும் நடந்தே திரும்புவார்கள். அதற்குள் பட்டையெல்லாம் சேறு படிந்து மங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்துக் கட்டிவிடுங்கள், உரிந்து போனதற்குப் பதிலாகப் போட இன்னொரு சுருள் டேப்பையும் வண்டியிலேயே வைத்திருங்கள்.