சாகா வரம்

எங்கள் வீட்டில் சொத்துச் சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குச் சொத்து இல்லை. அரசியல் சண்டையும் கிடையாது. கார்ச் சண்டை மட்டும் உண்டு.

2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று மாலை அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நால்வரும் ஒரே படத்துக்கு, ஒரே காட்சிக்கு, இரண்டு கார்களில் கிளம்பினோம். மலேசியாவின் பிறையிலிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறித் தீவுக்குப் போக, அப்போது காருக்கு டோல் 7 வெள்ளி (ரிங்கிட்). திரும்பி வரும்போது கட்ட வேண்டியதில்லை. ஒரே காரில் போயிருந்தால் 7 வெள்ளியோடு முடிந்திருக்கும். அப்பாவின் கொள்கை காரணமாக 14 வெள்ளி ஆனது. கொள்கை இதுதான்: அண்ணனின் மைவி காரில் அவர் கால் வைக்க மாட்டார்.

அப்பா வைத்திருப்பது 1989இல் வாங்கிய புரோட்டோன் சாகா. நாட்டின் முதல் சொந்தக் கார் என்று 1985 ஜூலையில் சாகா வெளிவந்தது. அதே ஆண்டில் பினாங்குப் பாலமும் திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் பிரதமர் மகாதீர் தாமே ஒரு சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். இந்த வரலாற்றை அப்பா சொல்லிக் கேட்க வேண்டும். பக்கத்து இருக்கையில் அமர்ந்து பிரதமருக்கு வழி காட்டியவரைப் போலச் சொல்வார். சாகா என்பது மலாயில் மஞ்சாடி விதையின் பெயர். அந்தக் காலத்தில் பொன் நிறுக்கப் பயன்பட்ட சிவப்பு விதை. அப்பாவுக்கு அந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. "சாகா. பெயரிலேயே இருக்கிறது. சாகாது" என்பார்.

மைவியைச் செய்வது பெரோடுவா. 'இரண்டாவது கார் நிறுவனம்' என்று பொருள்படும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. "இரண்டாவது என்று அவர்களே பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். உன் அண்ணனுக்கு மட்டும் படிக்கத் தெரியவில்லை" என்று அப்பா என்னிடம் சொல்வார். அண்ணன் விடமாட்டான். 2006 முதல் விற்பனையில் முந்தி நிற்பது அந்த இரண்டாவதுதான் என்பான். சாகாவின் அடிப்படையே மிட்சுபிஷியின் கார்தான் என்றும் சொல்லிவிடுவான். இரண்டாவது வாக்கியம் வந்ததும் அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். 2016இல் அண்ணன் மைவியை வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் முதல் இருவரும் நேராகப் பேசிக்கொள்வது குறைந்துபோனது. "உன் மகனிடம் சொல்", "உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான்.

அம்மா நடுநிலை. அன்று காலை பூசைக்குப் பிறகு இரண்டு கார்களுக்கும் விபூதி, சந்தனம், குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை மட்டும் சாகாவின் சக்கரத்துக்கு வைத்தார். மைவிக்கு ஏன் இல்லை என்று அண்ணன் கேட்டான். "ஒன்றுதான் மிச்சம் இருந்தது, ராசா."

நான் எந்தக் கட்சி என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

டிக்கெட் அண்ணன் எடுத்திருந்தான். ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் வரிசையின் எட்டாவது படம். 2001இல் வந்த முதல் படத்தில் லாரிகளை மறித்து டிவிடி கருவிகளைத் திருடிக்கொண்டிருந்த கூட்டம், எட்டாவது படத்தில் நீர்மூழ்கிக் கப்பலோடு மோதுகிறது. இப்படி வளர்ந்தவர்களை எங்கள் உறவில் நான் பார்த்ததில்லை. அண்ணன் முந்தைய ஏழு படங்களையும் வரிசையாகப் பார்த்தவன். அப்பா ஒன்றையும் பார்த்ததில்லை. கார்ப் படம் என்று அம்மா சொன்னதால் வந்தார்.

படம் கியூபாவின் அவானாவில் தொடங்கியது. தெரு முழுக்க ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள், வண்ணம் மினுங்க ஓடிக்கொண்டிருந்தன. அப்பா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். "பார், அறுபது வருடக் கார். அங்கே யாராவது விற்றார்களா?" பக்கத்தில் இருந்த நான் தலையாட்டினேன். அந்தக் கேள்வி என்னைத் தாண்டி நான்காவது இருக்கைக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். பிறகு நாயகன் ஓட்டும் ஓட்டைக் கார் தீப்பிடித்து, பின்னோக்கி ஓடியே பந்தயத்தில் வென்றது. அப்பா மனம் இளகவில்லை. "கிளம்புவதற்கு முன் எண்ணெய் பார்த்திருக்க மாட்டான்."

குடும்பம், குடும்பம் என்று ஏழு படங்களாகச் சொல்லிவந்த நாயகன் இந்தப் படத்தில் சொந்தக் கூட்டத்துக்கே துரோகம் செய்கிறான். நடு ரோட்டில் தோழனின் காரை இடித்துக் கவிழ்த்துவிட்டு, வில்லியின் பக்கம் போய்விடுகிறான். ஏன் போனான் என்பது பிறகு தெரிகிறது: அவனுக்கே தெரியாமல் பிறந்த அவனுடைய குழந்தை வில்லியின் பிடியில் இருக்கிறது. அம்மாவுக்கு அதன்பின் படத்தில் வேறு கவலை இல்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் குழந்தையைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டவர், "பால் கொடுத்தார்களா?" என்று கேட்டார். பின்னால் ஒருவன் அந்தக் குழந்தையைக் கூடையில் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் விமானத்தில் அடிதடி செய்தபோதும் அதே கேள்விதான்.

நியூயார்க் காட்சிதான் உச்சம். வில்லி கணினியைத் தட்டி நகரத்திலுள்ள கார்களையெல்லாம் தன் வசமாக்குகிறாள். ஆளில்லாத கார்கள் மந்தையாக ஓடுகின்றன; அடுக்குமாடி வாகன நிறுத்தத்திலிருந்து மழைபோலத் தெருவில் கொட்டுகின்றன. (அதை உண்மையில் படம் பிடித்தது கிளீவ்லாந்தில் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தான்.) அரங்கமே வாய் பிளந்திருந்த அந்த நொடியில் அப்பாவின் குரல் கேட்டது:

"என் காரை எவளும் தொட முடியாது. நான் சாவியைத் திருப்பினால்தான் ஓடும்."

முன்வரிசையில் இருந்த சீனத்து அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மொழி தெரியாவிட்டாலும் அந்தப் பெருமை அவருக்குப் புரிந்திருக்கிறது.

எனக்கு மட்டும் சோளப்பொரி தொண்டையில் இறங்கவில்லை. திரையில் துரோகம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் யாரோ என்னைக் கூப்பிடுவது போலிருந்தது. காரணம் இதுதான். கல்விக் கடன் பாக்கியால் அண்ணனுக்கு வங்கிக் கடன் கிடைக்கவில்லை. மைவி என் பெயரில் இருக்கிறது. மாதத் தவணையை அவன் கட்டுகிறான், கையெழுத்து என்னுடையது. ஒன்பது வருடம். சாகா கட்சியின் முதல் உறுப்பினர் என்று அப்பா நம்பிக்கொண்டிருந்த நான், எதிர்க்கட்சியின் பதிவுபெற்ற உரிமையாளர்.

படம் இரண்டே கால் மணி நேரம். முடிந்து கீழ்த்தளத்துக்கு வந்தோம். சாகா நின்ற மூலையில் இரண்டு முன்விளக்குகளும் எண்ணெய் தீர்ந்த அகல்போல மங்கிக்கொண்டிருந்தன. பாலத்தில் இருட்டத் தொடங்கியதும் போட்ட விளக்கு. படம் தொடங்கிவிடும் என்று அம்மா அவசரப்படுத்தியதில் அப்பா அணைக்காமல் இறங்கிவிட்டார்.

அப்பா உள்ளே அமர்ந்து சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினார். அதுகூட இல்லை.

யாரும் பேசவில்லை. "சாகா…" என்று அண்ணன் தொடங்கினான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்திக்கொண்டான்.

"தள்ளினால் ஓடும்" என்றார் அப்பா. தள்ளினோம். புத்தாண்டுப் பட்டுப்புடவையில் அம்மாவும் ஒரு கை கொடுத்தார். இருபதடி போனதும் ஏற்றம் வந்தது. கார் நாங்கள் தள்ளிய வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் எங்களை நோக்கித் திரும்பி வந்தது. காவலாளி விசில் ஊதினார். அது எச்சரிக்கையா, பாராட்டா என்று இன்றுவரை தெரியாது.

இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் இழுக்கும் கம்பி இருந்தது. அப்பாவின் காரில் இல்லாதது எது? பின்பெட்டியைத் திறந்தால் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் மூன்று, குடை இரண்டு, ஒரு பிரம்புப் பாய், பழைய பல்துலக்கி, அதற்கெல்லாம் அடியில் சுருட்டிக் கட்டிய ஜம்பர் கேபிள். மின்சாரம் கொடுக்க ஒரு கார்தான் வேண்டும். அண்ணன் மைவியைக் கொண்டுவருகிறேன் என்றான். அப்பா காது கேளாதவர்போல நின்றார்.

"வேறு கார் ஏதாவது வரும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

வந்தது. வெள்ளை மைவி. அதன் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு மைவி. பிறகு ஒரு பெரிய வெளிநாட்டுக் கார் ஒலி எழுப்பி எங்களை ஒதுங்கச் சொல்லிவிட்டுப் போனது. அதன் பின்னால் மஞ்சள் மைவி. இந்த நாட்டில் பத்து நிமிடம் ஓரிடத்தில் நின்றால் இப்படித்தான் ஆகும். கடைசியில் அப்பா, "உன் மகனைக் கொண்டுவரச் சொல்" என்றார்.

இரண்டு கார்களும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. சாகாவின் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. நான் கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். அப்பா பல்துலக்கியால் சுரண்டினார். "துடைக்க ஒரு காகிதம்" என்று கையை நீட்டினார். அண்ணன் மைவியின் முன்பெட்டிக்குள் கைவிட்டு, அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தான்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். வடை மடித்துவந்த காகிதமாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் கசக்குவார். காகிதத்தை விரித்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். அது மைவியின் காப்புறுதிப் பத்திரம். உரிமையாளர் என்ற இடத்தில் பெரிய எழுத்துகளில் என் பெயர். அதன்மீது வெளிச்சம் சரியாக விழும்படி நானே விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வானத்தைப் பார்த்தான். கீழ்த்தளத்தில் வானம் கிடையாது, குழாய்களைப் பார்த்தான்.

அப்பா காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கைக்குட்டையால் பேட்டரியைத் துடைத்தார். "சிவப்பை முதலில் இங்கே. அடுத்த முனையை அங்கே. கறுப்பை உன் பேட்டரியில் கொடு. இந்தப் பக்கம் எஞ்சின் இரும்பில் நான் மாட்டிக்கொள்கிறேன்." ஒரு வருடத்தில் அண்ணனிடம் அவர் நேராகப் பேசிய மிக நீண்ட பேச்சு அது. மைவி உறுமியது. சாகா இருமியது, தும்மியது, எழுந்தது. அப்பா பானெட்டை மூடி, அதன் மேலிருந்த சந்தனப் பொட்டை விரலால் சரிசெய்தார்.

அம்மா அதற்குள் மைவியில் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தார். குளிர்சாதனத்துக்கு முன்னால் எந்தக் கொள்கையும் இல்லை.

"நீ ஏறு" என்றார் அப்பா என்னிடம்.

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். அங்கே 80 வரை போகலாம். அப்பா 60க்கு மேல் போகமாட்டார். கணக்குப் போட்டால் பதின்மூன்றரை நிமிடம். பாதித் தூரம்வரை பேச்சே இல்லை. வானொலி இல்லை; இப்போதுதான் உயிர் பெற்ற பேட்டரிக்குச் சுமை கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தோம். கடற்காற்று முகத்தில் அடித்தது. எங்களுக்குப் பின்னால், முந்திச் செல்ல வாய்ப்பு இருந்தும் முந்தாமல், மைவி வந்துகொண்டிருந்தது.

"எத்தனை வருடம்?"

"ஒன்பது, அப்பா."

"வட்டி?"

சொன்னேன். நாக்கைச் சப்புக்கொட்டினார். "என்னிடம் சொல்லியிருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுப் பார்த்திருப்பேன்."

சிறிது தூரம் போனோம்.

"படத்தில் அவன் எதற்காகக் கட்சி மாறினான்?"

"குழந்தைக்காக."

"நீ?"

"அண்ணனுக்காக."

அப்பா ஒரு லாரிக்கு வழிவிட்டார். "அவனுக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. உனக்கு ஒன்பது வருடம்."

வீட்டு வாசலுக்கு வந்தும் எஞ்சினை நிறுத்தவில்லை. சார்ஜ் ஏற வேண்டும் என்று அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அம்மா காபியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது மைவியின் பானெட் திறந்திருந்தது. அப்பா எண்ணெய் அளவுகோலை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அண்ணன் பள்ளிப் பையன்போல நின்றான்.

"கடைசியாக எண்ணெய் எப்போது மாற்றினாய்? என் மகளின் கார் இது. ஒழுங்காகப் பார்த்துக்கொள்."

காப்புறுதிப் பத்திரம் முன்பெட்டிக்குத் திரும்பிவிட்டது. அதன் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் எண்ணெய், தண்ணீர், டயர் காற்று என்று தேதியோடு குறிப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைவியையும் அவரே கழுவினார். ஆனால் ஏறவில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் ஜீலி நிறுவனத்துக்குப் போகிறது என்ற செய்தி பத்திரிகையில் வந்தது. அண்ணன் அந்தப் பக்கத்தை மடித்து அப்பாவின் காபிக் குவளைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் நின்று காத்திருந்தான். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். எண்ணை மட்டும் இரண்டு முறை படித்தார்.

"ஐம்பது இல்லையே" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு சாகாவைக் கிளப்பப் போனார்.