எஸ்எஸ்எச் டனல் செயன்முறைப் பரீட்சை: முதல் தடவை நான் எங்கே பிழைத்தேன், இரண்டாம் தடவை என்ன செய்தேன்

வலையமைப்புப் பாடத்தின் செயன்முறைப் பரீட்சையில் எனக்கு வந்த கேள்வி இதுதான். உங்கள் லப்டொப்பில் இருக்கிற ஒரு ஃபோல்டரை உள் வலையமைப்பில் இருக்கிற சேர்வருக்கு அனுப்ப வேண்டும். நேரே போக வழியில்லை, நடுவில் ஒரு கேட்வே மெஷின் இருக்கிறது. அதன் வழியாக எஸ்எஸ்எச் (இன்னொரு கணினியோடு மறைகுறியாக்கிப் பேசுகிற முறை) டனல், அதாவது அந்த இணைப்புக்குள்ளால் வேறு இணைப்பைக் கொண்டுபோகிற பாதை ஒன்றைப் போட்டு, ஆர்சிங்க் என்ற கோப்புப் பிரதி செய்கிற கருவியால் அனுப்பி, டனலை மூடுவது வரை எல்லாம் ஒரே ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பில்), கடவுச்சொல் கேட்காமல் நடக்க வேண்டும். முதல் தடவை தவறினேன், இரண்டாம் தடவை பாஸ். இந்த முறை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இதே பாடம் எடுக்கிற தம்பி, தங்கச்சிமார் கேட்டதால் எழுதுகிறேன்.

முதல் தடவை என் ஸ்கிரிப்ட் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது. "வெற்றி" என்று கடைசி வரியும் வந்தது. சேர் உள்ளே இருந்த சேர்வரைத் திறந்து பார்த்தார், ஃபோல்டரே இல்லை! நடந்தது இதுதான்: காலையில் பயிற்சி சேர்வருக்கு என் லப்டொப்பின் 2222 போர்ட்டில் (இணைப்புகள் நுழைகிற இலக்கமிட்ட வாசல்) ஒரு டனல் போட்டுப் பார்த்துவிட்டு அதை மூடாமல் விட்டிருந்தேன். பரீட்சையில் ஸ்கிரிப்ட் அதே போர்ட்டில் புது டனல் போடப் போனபோது போர்ட் ஏற்கெனவே பாவனையில் இருந்தது. இப்படியான நேரத்தில் எஸ்எஸ்எச் தானாக நின்றுவிடாது, ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து போகும். அந்த எச்சரிக்கையும் என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் திரை சுத்தமாக இருக்கட்டும் என்று எல்லா வெளியீட்டையும், வந்ததை அப்படியே வீசிவிடுகிற டெவ் நல்லுக்கு அனுப்பி வைத்திருந்தேன். ஃபோல்டர் பழைய டனல் வழியாகப் பத்திரமாகப் பயிற்சி சேர்வருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே முதல் வேலையாக எக்ஸிட்-ஒன்-ஃபோர்வர்ட்-ஃபெயிலியர் என்ற தெரிவை யெஸ் என்று வையுங்கள். போர்ட் கிடைக்காவிட்டால் எஸ்எஸ்எச் அங்கேயே நிற்கும். அடுத்தது ஹோஸ்ட்-கீ-அலியஸ், சேர்வரின் அடையாளச் சாவியை நீங்கள் வைக்கிற பெயரில் பதிந்து வைக்கிற தெரிவு. டனல் வழியாகப் போகும்போது எந்த சேர்வராக இருந்தாலும் உங்கள் கணினிக்கு அது லோக்கல்ஹோஸ்ட் ("இதே கணினி" என்று பொருள்) 2222 தான், அதனால் எந்த சேர்வரின் சாவி என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு பெயர் கொடுத்து வைத்தால், பிழையான சேர்வரில் போய் முட்டும்போது சாவி பொருந்தாமல் இணைப்பு மறுக்கப்படும். இந்த மறுப்பு தொந்தரவு என்று, சாவியைச் சரிபார்க்கிற ஸ்ட்ரிக்ட்-ஹோஸ்ட்-கீ-செக்கிங்கை நோ என்று போடச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து போடாதீர்கள், நடுவில் யாரும் ஆள்மாறாட்டம் செய்யாமல் காக்கிற பூட்டே அதுதான்.

எங்கள் வகுப்பில் அதிகம் பேர் குழம்பியது லோக்கல்ஹோஸ்ட் என்ற சொல்லில்தான். எஸ்எஸ்எச் கட்டளையில் டனலைக் குறிக்கிற ஹைபன் எல் போட்டு 2222, லோக்கல்ஹோஸ்ட், 22 (எஸ்எஸ்எச்சின் வழமையான போர்ட்) என்று எழுதிவிட்டு, உள் சேர்வருக்குப் போகிறோம் என்று நினைப்பார்கள், ஆனால் போய் நிற்பது கேட்வேயிலேயே. கல்முனையில் இருக்கிற மாமி போனில் "இங்க மழை" என்றால் அந்த "இங்க" கல்முனைதான், நீங்கள் ஆரையம்பதியில் இருந்து கேட்பதால் அது ஆரையம்பதி ஆகிவிடாது. லோக்கல்ஹோஸ்ட்டும் அப்படித்தான், போர்ட்டுக்குப் பின்னால் நீங்கள் எழுதுகிற இடத்தின் பெயரை வாசிப்பது கேட்வே. ஆகவே அங்கே உள் சேர்வரின் முகவரியை எழுத வேண்டும். பிறகு ஆர்சிங்க்கில் எழுதுகிற லோக்கல்ஹோஸ்ட் உங்கள் லப்டொப். கீபோர்டைத் தொட முதல் தாளில் மூன்று பெட்டி கீறி, எந்த வரியை எந்தப் பெட்டி வாசிக்கிறது என்று எழுதுங்கள். எனக்கு அதற்கு ஐந்து நிமிடம் போனது, அதன் பிறகு ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வாய்மொழிப் பரீட்சையில் கேட்டவற்றில் இரண்டு கேள்வி நல்ல கேள்வி. கேட்வேயை ஒருவன் கைப்பற்றிவிட்டால் நீங்கள் அனுப்புகிற கோப்பை வாசிக்க முடியுமா? ஆர்சிங்க்கை எஸ்எஸ்எச் மேல் ஓட்டி, அதையும் டனலுக்குள் அனுப்பினால் முடியாது, உள் சேர்வர் வரைக்கும் மறைகுறியாக்கம் இருக்கிறது. ஆர்சிங்க் டீமனின் (எஸ்எஸ்எச் இல்லாமல் தானே இணைப்பை ஏற்கிற ஆர்சிங்க் சேவை) 873 போர்ட்டுக்கு டனல் போட்டால் கதை வேறு, கேட்வேயிலிருந்து உள் சேர்வர் வரையான கடைசித் துண்டு வெறும் எழுத்தாகப் போகும். மற்றக் கேள்வி: உள் சேர்வரில் எந்தச் சாவிகளுக்கு அனுமதி என்று பட்டியலிடுகிற ஓதரைஸ்ட் கீஸ் கோப்பில் ஃப்ரம் என்று போட்டு முகவரியைக் கட்டுப்படுத்தினால் எந்த முகவரியை எழுதுவீர்கள்? லப்டொப்பின் முகவரி என்று சொன்னவர்கள்தான் அதிகம். உள் சேர்வருக்கு இணைப்பு வருவது கேட்வேயிலிருந்து, ஆகவே கேட்வேயின் முகவரி. எஸ்எஸ்எச் ஏன் வந்தது என்றும் கேட்பார்கள், அது சின்னக் கேள்வி: 1995 இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்ட தாக்குதலுக்குப் பிறகு டாட்டு யுலோனன் எழுதியது.

இரண்டாம் தடவைக்கு நான் ஆயத்தமானது 2022 இல், ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் கரண்ட் நின்ற காலம். லப்டொப்பில் பற்றரி இருக்கும், ரூட்டர் செத்துவிடும், ஆர்சிங்க் பாதியில் தொங்கிக்கொண்டே நிற்கும். அப்போதுதான் சேர்வர்-அலைவ்-இன்டர்வல் 15, கவுண்ட் 3 (15 செக்கனுக்கு ஒரு தடவை சேர்வரைக் கேட்டுப் பார், மூன்று தடவை பதில் இல்லாவிட்டால் விடு) என்று போடப் பழகினேன், லைன் போனால் முக்கால் நிமிடத்தில் இணைப்புத் தானாக முடிந்துவிடும். ஆர்சிங்க்கில் பார்ஷியல் தெரிவு போட்டிருந்தால் பாதி வந்த கோப்பு அழியாது, கரண்ட் வந்ததும் மிச்சத்தைத் தொடரலாம்.

குறித்த நேரத்தில் தானாக ஓட்டுகிற குரோனில் ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னால் ஒன்றை மறக்க வேண்டாம். கையால் ஓட்டும்போது கடவுத்தொடர் கொடுத்துத் திறந்த உங்கள் சாவியை ஏஜென்ட் என்ற பின்னணி நிரல் வைத்திருக்கிறது, குரோனுக்கு அந்த ஏஜென்ட் தெரியாது. இந்த வேலைக்கென்று கடவுத்தொடர் இல்லாத தனிச் சாவி ஒன்று செய்து, அதற்கான உரிமைகளைக் குறுக்கி, பேட்ச்-மோட் யெஸ் போடுங்கள், இல்லாவிட்டால் யாரும் பதில் சொல்லாத கேள்வியோடு ஸ்கிரிப்ட் காத்துக்கொண்டு நிற்கலாம். ஆர்சிங்க்கின் வெளியீட்டை, திரைக்கும் கோப்புக்கும் ஒன்றாக எழுதுகிற டீ கட்டளைக்கு அனுப்பி லொக் எழுதுகிறவர்கள் பைப்ஃபெயில் போடவும் வேண்டும், போடாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது டீயின் முடிவுக் குறியீடு, ஆர்சிங்க் தோற்றாலும் வெற்றியைக் குறிக்கிற சுழியம் என்றே வரும். டனலை மூடும் வரியை, ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடுகிற ட்ராப்பில் வையுங்கள், ஸ்கிரிப்ட் நடுவில் முறிந்தாலும் அது ஓடும்.

சரி பார்ப்பது பற்றி ஒன்று. அனுப்பிய கோப்பின் ஷா256 கூட்டுத்தொகையை (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கிற அடையாள எண்) அதே டனல் வழியாக எடுத்து ஒப்பிட்டால், என்னைப் போல் பிழையான சேர்வருக்கு அனுப்பியவருக்கும் இரண்டும் பொருந்தும். அதனால் நான் இரண்டாம் தடவை, அனுப்ப முதல் எதிர்ப்பக்கத்தின் ஹோஸ்ட்நேமைக் கேட்டுத் திரையில் காட்டினேன், பெயர் பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். கூட்டுத்தொகையை டனலைத் தொடாமல், கேட்வேயைத் தாண்டி உள் சேர்வருக்கு இணைக்கிற புரொக்ஸி-ஜம்ப் வழியாகத் தனியாகப் போய் எடுத்தேன். சேர் வேண்டுமென்றே 2222 இல் வேறொரு டனலைப் போட்டுவிட்டு ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னார். முதல் வரியிலேயே நின்றது, அதற்குத்தான் முழுப் புள்ளி தந்தார்.