கொடைக்கானலில் கேமரா பலூன்: ஐந்தரை மணி நேரக் குழப்பமும் ஒரு மிளகு ஏணியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஹீலியம் பலூனில் கேமராப் பெட்டி கட்டி நாங்கள் குறிவைத்த 30 கிலோமீட்டர் உயரம் விண்வெளி இல்லை. விண்வெளியின் எல்லை 100 கிலோமீட்டர் என்பதுதான் பொதுக் கணக்கு. ஆனால் 30-இல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குதான். பட்டப்பகலில் வானம் கறுப்பு. அதைப் படம்பிடிக்கக் கடையில் கிடைக்கும் ஆக்‌ஷன் கேமராவே போதும். 1962-இல் ஜான் கிளென் பூமியைச் சுற்றியபோது கையில் இருந்ததும் மருந்துக்கடையில் வாங்கிய ஆன்ஸ்கோ கேமராதான். எங்களைப் படுத்தியது கேமரா இல்லை. காகிதமும் மலை ஈரமும்.

அனுமதிக் கதை இது. "ட்ரோனா?" என்றார் கவுன்டரில் இருந்தவர். இல்லை சார், பலூன். "படிவத்துல பலூனுக்குக் கட்டமே இல்லையே, ட்ரோன்னே போட்டுக்குடுங்க." போட்டுவிடாதீர்கள். ட்ரோன் என்று எழுதினால் பதிவு எண் கேட்பார்கள், பைலட் சான்றிதழ் கேட்பார்கள், கோப்பு அங்கேயே படுத்துவிடும். "ஆளில்லா பலூன், இலகு வகை, சுமை 4 கிலோவுக்குள்" என்று தனித்தாளில் எழுதிக் கொடுங்கள். சர்வதேச விதியில் அந்த வகைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: பெட்டியைத் தொங்கவிடும் கயிறு 230 நியூட்டன் இழுப்புக்குள் அறுந்துவிட வேண்டும். பலமாக இருக்கட்டும் என்று தடித்த நைலான் கயிறு கட்டினால் வகையே மாறிப்போகும்.

மைதான உரிமையாளரின் சம்மதக் கடிதம் இல்லாமல் ஒரு தடவை மலையிறங்கி வீணாகத் திரும்பினோம். அதைவிடப் பெரிய கூத்து நேரம். காலை 7 மணி என்று எழுதியிருந்தோம். விமானங்களுக்கான அறிவிப்பு, நமக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடும் உலகப் பொது நேரத்தில்தான் (UTC) வெளியாகும். 7:00 அப்படியே ஏறிவிட்டது. நம் கணக்கில் அது பகல் 12:30. அந்த நேரத்தில் கொடைக்கானலில் மூட்டம் ஏறி எதிரே நிற்கும் ஆள் தெரியாது. திருத்தம் வர ஆறு நாள். விண்ணப்பத்தில் "01:30 உலகப் பொது நேரம், இந்திய நேரம் 07:00" என்று இரண்டையும் எழுதுங்கள்.

தேதியை ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலடுக்கில் கிழக்குக் காற்று ஆறாக ஓடும்; பெட்டி கேரளத்தைத் தாண்டி அரபிக்கடலில் விழ வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து சாட்டிலைட் டிராக்கர் வரவழைக்காதீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இங்கே போலீஸ் வழக்கு. பெட்டி இருக்குமிடத்தைச் சொல்ல 865–867 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேசும் ரேடியோ) போதும், உரிமம் தேவையில்லை.

ஜிபிஎஸ்ஸில் ஒரு பொறி இருக்கிறது. யூ-பிளாக்ஸ் நிறுவன ஜிபிஎஸ் மாட்யூலை வாங்கியபடியே விட்டால் 12 கிலோமீட்டருக்கு மேல் வாயை மூடிக்கொள்ளும். அதன் அமைப்பில் 'ஏர்போர்ன்' (airborne) என்ற பறக்கும் முறைக்கு மாற்றினால் 50 வரை பேசும். மின்சாரம் போனால் பழைய முறைக்கே திரும்பிவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு தடவை இயக்கும்போதும் அந்த அமைப்பை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தும் பாருங்கள்.

இனி மலைக்காரர்களுக்கு மட்டுமான சங்கதி. 1200 கிராம் பலூன், 1 கிலோ சுமை, நொடிக்கு 5 மீட்டர் ஏற்றம் என்றால் சமவெளியில் ஹீலியம் ஏறத்தாழ 3.2 கன மீட்டர். பலூனோடு வரும் பட்டியலில் உள்ள விட்டத்தை நாடாவால் அளந்து அதோடு நிறுத்தினால் இங்கே ஏமாந்தீர்கள். 2100 மீட்டரில் காற்று மெலிது. அதே தூக்குதிறனுக்கு 4 கன மீட்டர் ஆகும். குறைவாக நிரப்பிய பலூன் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தவழும், ஒன்றரை மணி நேர ஏற்றம் இரண்டரை மணியைத் தாண்டும், அதற்குள் பேட்டரி போய்விடும். விட்டத்தை மறந்துவிட்டு, பலூன் கழுத்தில் 2.1 கிலோ தண்ணீர்க் கேனைத் தொங்கவிடுங்கள். அது தரையை விட்டு மெல்ல எழும்பினால் வாயு சரி. (சிலிண்டர் வேனுக்கு இ-பாஸ் எடுக்க மறந்து ஒரு மணி நேரம் போனது தனிக்கதை.)

பெட்டிக்குத் தடுப்பூசி வரும் தெர்மாகோல் பெட்டி அருமை. ஆனால் அதை மைதானத்தில் வைத்து மூடினால் விடியற்காலை ஈரம் மொத்தமும் உள்ளே. மேலே 16, 17 கிலோமீட்டரில் மைனஸ் 80 டிகிரி. எங்கள் முதல் முயற்சியில் கேமராவின் தண்ணீர் புகாத உறையின் கண்ணாடியில் உள்பக்கமாகப் பூத்த உறைபனி கடைசிவரை போகவில்லை. இரண்டு மணி நேரம் பால்வெள்ளைப் படம். உறையைக் கழற்றி எறியுங்கள். முந்தின இரவே ஹீட்டர் போட்ட அறையில் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியை மூடி டேப் ஒட்டுங்கள், லென்ஸ் மட்டும் வெளியே நீட்டியிருக்கட்டும்.

குளிரைப் போலவே சூடும் எதிரி. மெலிந்த காற்று வெப்பத்தை எடுத்துப் போகாது, 4கே-யில் ஓடும் கேமரா தெர்மாகோலுக்குள் வெந்து அணைந்துவிடும். 1080, நொடிக்கு 30 பிரேம் போதும். விமானக் கட்டுப்பாட்டு அறை "விடலாம்" என்று சொன்ன பிறகே பதிவை ஆரம்பியுங்கள். அகல லென்ஸில் அடிவானம் படத்தின் நடுக்கோட்டில் இருக்கும் பிரேம்களை மட்டும் நம்புங்கள். மேலே கீழே போனால் தெரியும் வளைவு பூமியுடையது இல்லை, லென்ஸுடையது.

பெட்டிமேல் "கேமரா. வெடிக்காது. அழைக்கவும்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி எண் போட்டிருந்தோம். அதுதான் காப்பாற்றியது. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் உச்சியில், மேலே பலூன் வெடித்தபின் பெட்டியை இறக்கிவந்த பாராசூட் மாட்டியிருந்தது. லோரா சிக்னல் பள்ளத்தில் செத்துப்போயிருந்தது. தோட்டத்திலிருந்து போன் வந்தது: "சார், மேல ஏதோ பெட்டி தொங்குது. மிளகு பறிக்கிற ஏணி இருக்கு, இறக்கவா?"

கடைசிக் கோப்பு கணினியில் திறக்கவில்லை; பேட்டரி நடுவில் தீர்ந்தால் அப்படித்தான் ஆகும். கார்டை ஃபார்மட் செய்யாமல், சார்ஜ் ஏற்றிய அதே கேமராவில் திரும்பப் போட்டோம். அதுவே கோப்பைச் சரிசெய்தது. பலூன் வெடித்த நொடி அந்தக் கோப்பில்தான் இருந்தது.