மீன் குடலுக்குக் காலை ஏழு மணி தெரியாது

எங்கள் தெருமுனையில் ஒரு குப்பை மேடு இருக்கிறது. ஊர் பெயர் வேண்டாம். ராமநாதபுரத்திலிருந்து கடலைப் பார்த்து வந்தால் வரும் தென்கடல் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டால் நாளைக்கே பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து ஒருவர், கவுன்சிலர் வீட்டிலிருந்து ஒருவர் என்று வாசலில் வந்து நிற்பார்கள். எனக்குத் தைக்க வேண்டிய சுடிதார் நிறையக் கிடக்கிறது.

முன்பு அந்த முனையில் ஓர் இரும்புத் தொட்டி இருந்தது. வண்டி வீடு வீடாக வந்து குப்பை வாங்கும் ஏற்பாடு வந்ததும் தொட்டியைத் தூக்கிவிட்டார்கள். தொட்டி போனது, கைப்பழக்கம் போகவில்லை. அது இன்னும் அங்கேயே நிற்பது போல நினைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு பக்கம் எங்கள் வீட்டுக் காம்பவுண்ட் சுவர், இன்னொரு பக்கம் டிரான்ஸ்பார்மர், பின்னால் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், கல்யாணம் காட்சிக்குத்தான் வருவார்கள்.

அதனால் சண்டை எப்போதும் இடத்தைப் பற்றித்தான். "உங்க சுவரோரம்தானே கிடக்கு லாத்தா, நீங்க சொல்ல வேண்டியதுதானே" என்பார்கள். சுவர் எங்களுடையது, சரி. சுவருக்கு வெளியே ரோடு. டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் கிடப்பது மின்வாரியத்தின் பாடு என்று ஒரு காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்) சட்டம் பேசுவார். வாய்க்காலைத் தாண்டினால் வேறு வார்டு. காலால் இரண்டடி தள்ளிவிட்டால் பொறுப்பே கைமாறிவிடும் போலிருக்கிறது.

எனக்கு இந்தப் பேச்சே பிடிப்பதில்லை. குப்பை கிடக்கிற இடத்தை வைத்து ஆளைத் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்க மாட்டார்கள். அது புறப்பட்ட வாசலை வைத்துத் தேடினால் ஒரு காலைப் பொழுது போதும். மாடி ஜன்னலோரம் மிஷினைப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

மேட்டில் பாதிக்கு மேல் மீன் கழிவுதான். வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. வண்டி காலை ஏழு மணி வாக்கில் விசில் ஊதிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் எந்த வீட்டிலும் அன்றைய மீன் குப்பை இருக்காது. வள்ளம் கரைக்கு வந்து, ஏலம் முடிந்து, கூடைக்காரம்மா தெருவுக்குள் நுழையப் பத்து மணியாகிவிடும். சாயங்காலம் இன்னொரு சுற்று உண்டு. காலையில் அறுத்த சூடையின் தலையும் குடலும், விளமீனின் செதிலும் செவுளும் மறுநாள் ஏழு மணி வரை அடுப்படி மூலையில், ஒரு பச்சை வாளியில் காத்திருக்க வேண்டும் என்பது திட்டம். சித்திரை வெயிலில் இதைச் செய்து பாருங்கள். மதியத் தொழுகையான லுஹருக்குள் ஈ, பிற்பகல் அஸருக்குள் நாற்றம், அந்தி மஃரிபுக்குள் மாமியார் முகம் மாறிவிடும். இரவுத் தொழுகை இஷா முடிந்து தெரு அடங்கியதும் கேரி பேக் முடிச்சோடு ஒரு கை முனைக்கு வந்து போகும்.

அந்த முடிச்சில் கணவாய் இருந்தால் இன்னும் விசேஷம். மைப்பை கிழிந்து, கேரி பேக்கின் அடி வழியாகத் தெரு நெடுகக் கறுப்பாகச் சொட்டிக்கொண்டே வந்திருக்கும். ஒரு நாள் விடிகாலையில், வண்டி வருவதற்கு முன்னால், அந்தச் சொட்டுகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். சிமெண்டு ரோட்டில் காய்ந்து, பத்துப் பைசா அகலத்துக்குப் பொட்டுப் பொட்டாகத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வீட்டு முன்னால் மட்டும் சொட்டுகள் நெருக்கமாக இருந்தன. நாய்க்குப் பயந்து நின்றிருப்பாள் போல. அங்கிருந்து சந்துக்குள் திரும்பி, புதிதாக டைல்ஸ் ஒட்டிய ஒரு படிக்கட்டில் போய் முடிந்தது. படிக்கட்டு மட்டும் பளிச்சென்று கழுவியிருந்தது.

அந்த வீட்டுப் பெண்ணைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய உம்மா காலத்தில் அந்த வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்தது. முருங்கை அடியிலோ தென்னை அடியிலோ குழி தோண்டி மீன் குப்பையை மூடிவிடுவார்கள். மரத்துக்கு அதுதான் எரு. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு வீடு என்று கொல்லை முழுக்கச் சுவராகிவிட்டது. இப்போது மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். வண்டியும் அந்தச் சந்துக்குள் திரும்பாது. விசில் சத்தம் கேட்டு, பிள்ளைக்கு யூனிபார்ம் மாட்டுவதைப் பாதியில் விட்டு, தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அவள் வாளியோடு முனைக்கு வருவதற்குள் வண்டி அடுத்த தெருவில் நிற்கும்.

சட்டம் இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. மத்திய அரசு 2016-லேயே திடக்கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்துவிட்டது. 2026 ஏப்ரலில் புதிய விதிகள் வரும்வரை நடப்பில் இருந்த அந்த விதிகளின்படி, குப்பையை உண்டாக்குகிறவர்தான் மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். தெருவிலோ வாய்க்காலிலோ நீர்நிலையிலோ போடக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கக் கூடாது. பிரித்ததை வீடு தேடி வந்து வாங்க ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் வேலை. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், நடத்துகிறவர் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தகவல் சொல்ல வேண்டும், சேரும் குப்பையைப் பிரித்துக் கொடுக்கவும் வேண்டும். இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். நூறு பேருக்குக் குறைவாக எங்கள் ஊரில் நிச்சயதார்த்தம்கூட நடக்காது. தகவல் சொன்னவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

இத்தனைக்கும் எங்கள் கல்யாணச் சாப்பாடு குப்பையே இல்லாத சாப்பாடு. சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால், கழுவ வேண்டியது ஒரே தட்டு. சஹன் இன்றைக்கும் இருக்கிறது. பக்கத்தில் ஆளுக்கொரு குட்டித் தண்ணீர் பாட்டில் வந்துவிட்டது, அப்புறம் ஐஸ்கிரீம் கப், சாயாவுக்கு பேப்பர் கப். பேப்பர்தானே என்று நினைக்கிறோம். உள்ளே பிளாஸ்டிக் பூசிய அந்தக் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. கேரி பேக்கும் அதே பட்டியலில்தான் இருக்கிறது, தடிமன் எதுவானாலும். இரண்டையும் வாங்க எங்கள் கடைத்தெருவில் இரண்டு நிமிஷம் நடந்தால் போதும். விற்கிறவரை விட்டுவிட்டு, முடிச்சோடு வருகிறவளை மட்டும் பிடிப்பது நியாயமா?

டயப்பர் கதையைக் கேளுங்கள். அதே 2016 விதிகள், டயப்பரையும் நாப்கினையும் தயாரிக்கிறவர்கள் மறுசுழற்சி செய்யக்கூடிய பொருளில் செய்யப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிப் போட உறை கொடுக்க வேண்டும் என்றன. வாங்குகிறவர்கள் அந்த உறையிலோ வேறு எதிலோ பத்திரமாகச் சுற்றி, மக்காத குப்பையோடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்லின. என் தங்கச்சி மகனுக்கு வாங்கிய பாக்கெட்டுகளை நான் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டேன், உறை எதுவும் விழவில்லை. முனையில் கிடப்பவை சுற்றாதவை. இரவில் நாய் இழுத்துக் கிழித்ததை, காலையில் வண்டியோடு வரும் பெண் அள்ள வேண்டும். "வீட்ல பிரிச்சுத் தர்றதை நான் பிரிச்சே கொண்டுபோறேன்க்கா. முனையில கிடக்குறதை எதுன்னு பிரிக்க?" என்று ஒரு நாள் கேட்டாள். கண்ணாடி வளையல் துண்டு கையுறையைக் கிழித்து விரலில் ஏறியிருந்தது. அவளைப் பார்த்து யாராவது "இதுக்குத்தானே சம்பளம்" என்றால் எனக்குக் கோபம் வருகிறது. வாங்கிப் போவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். நாயோடு போட்டி போட்டுப் பொறுக்குவதற்கா?

மழை பெய்தால் மேட்டில் பாதி வாய்க்காலில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். அன்றைக்கு முனை சுத்தமாக இருக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். கடலுக்குள் இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, 21 தீவுகள், 1986-இல் அறிவித்தது. ஆமையும் கடற்பசுவும் இருக்கிற கடல். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அலை கொஞ்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கும். அப்போது கல்லூரிப் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து அள்ளுவார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஃபிளெக்ஸ் பேனரைத் திரும்ப எடுத்துப் போனால் இன்னும் நன்றாக இருக்கும்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் குளித்தவர்கள் உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எங்கள் தெருவில் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். உண்மைதான். தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அவர்கள் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள். நாம் போட்ட இடத்துக்கே மறுநாள் காலையில் மீன் வாங்க வந்து நிற்கிறவர்கள்.

என் தொழிலிலும் குப்பை உண்டு. கட்டிங் துண்டு மட்டும் சாக்கு சாக்காகச் சேரும். காட்டன் துண்டை பைக் மெக்கானிக் காக்கா ஒருவர் கை துடைக்க எடுத்துப் போகிறார். பாலியஸ்டரைத் தொட மாட்டார், எண்ணெயை இழுக்காதாம். அதைப் பொடியாக நறுக்கி தலகாணிக்குள் அடைக்கிறேன். பெரிய சேவை ஒன்றும் கிடையாது, என் மிஷினிலிருந்து விழுவதற்கு நான்தான் வழி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதேபோல் மீன் குப்பைக்கு மீன் தின்கிற வீடும், அதை வாங்கிப் போக வேண்டிய வண்டியும் சேர்ந்துதான் வழி பார்க்க வேண்டும்.

மார்க்கெட்டிலேயே வெட்டி வாங்கினால் கழிவு ஓரிடத்தில் சேரும் என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தேன். நடக்காது. செவுளைத் தூக்கிப் பார்த்து முழு மீனாக வாங்கினால்தான் எங்கள் வீடுகளில் நம்புவார்கள். வெட்டிய மீனை எதிர் வீட்டு மாமி கையால்கூடத் தொட மாட்டார்.

அதனால் ஒரு மனு எழுதினேன். முனையில் கேமரா வேண்டும், அபராதம் போட வேண்டும் என்றெல்லாம் எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. கேட்டது ஒன்றுதான்: அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் ஒரு வண்டி, மக்கும் குப்பைக்கு மட்டும், சந்து வாசலில் ஐந்து நிமிஷம் நின்று போக வேண்டும். கையெழுத்துக்குப் போனபோது டைல்ஸ் படிக்கட்டு வீட்டுப் பெண் முதல் ஆளாகப் போட்டாள். சட்டம் பேசும் காக்கா, வண்டி எந்த வார்டு கணக்கில் வரும் என்று கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாக உள்ளே போய்விட்டார். கவுன்சிலர் ஆள் பத்தாது என்கிறார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள், ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறப் போகிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.