வேடியப்பன் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்

ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எடுத்த நடுகல் (செத்த வீரனின் நினைவாக நட்ட கல்) படங்கள் எல்லாம் ஒரே ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். கும்பிடுகிற கல்லுக்குச் சுண்ணாம்பும் பெயின்டும் அடிப்பது உண்டு. அடித்துவிட்டால் கல்லில் வெட்டியிருக்கும் வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து, கண்ணுக்குத் தெரியாது. நான் படம் எடுத்த பிறகு அப்படி எழுத்து மறைந்துபோன கற்கள் ஐந்தாறு இருக்கும். அவற்றுக்கு என் படம்தான் மிச்சம்.

நடந்தது இதுதான். மேசைமேல் இரண்டு அடாப்டர். ஒன்று டிஸ்க்குக்கான 12 வோல்ட், இன்னொன்று லேப்டாப்பின் 19 வோல்ட். முனை இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கரண்ட் போய் வந்த அவசரத்தில் 19 வோல்டை டிஸ்க்கில் செருகிவிட்டேன். 'டப்' என்று ஒரு சத்தம், லேசான கருகல் வாசனை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை மட்டும் வெளியே எடுத்தேன். பழைய டெஸ்க்டாப்பின் பவர் வயரில் மாட்டி ஸ்விட்ச் போட்டால் கம்ப்யூட்டரே எழவில்லை. ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு அந்த நிமிடம்தான் நம்பிக்கை வந்தது. தட்டுகளில் இருப்பதைப் படிக்கிற ஹெட் போன டிஸ்க் சுற்றும், டக் டக்கென்று தட்டும். மோட்டார் இறுகிய டிஸ்க் சுற்ற முடியாமல் முனகும். இது இரண்டும் இல்லை. பவர் லைனில் எங்கோ ஷார்ட், அதனால் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. அப்படியானால் அடி பட்டது கீழே இருக்கும் பச்சை போர்டில். உள்ளே தட்டுகள் பத்திரமாக இருக்கலாம்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. ஃப்ரீசரில் வைத்து எடு என்றார் மாமா. வைத்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்த்தால் என்ன என்றான் தம்பி. தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. கிரானைட் அறுக்கிற ஊரில் காற்றில் மிதக்கும் ஒரு தூசியே அதற்கு மலை. மூடியை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நட்சத்திர வடிவ ஸ்க்ரூ ஆறு. கழற்றிப் போர்டைத் திருப்பினேன். பவர் கனெக்டர் பக்கத்தில் கறுப்பாக இரண்டு டயோடுகள், ஒன்று 5 வோல்ட் லைனுக்கு, மற்றது 12 வோல்ட் லைனுக்கு. டிவிஎஸ் டயோடு என்பார்கள். வோல்டேஜ் எல்லை மீறினால் அந்தக் கரண்ட்டைத் தன் வழியே கிரவுண்டுக்கு இறக்கிவிடும். ரொம்ப மீறினால் தானே ஷார்ட் ஆகி மற்ற சிப்புகளைக் காப்பாற்றும். மல்டிமீட்டரை வைத்தேன். 5 வோல்ட் பக்கம் சரி. 12 வோல்ட் பக்கம் 0.4 ஓம், ஷார்ட்தான், மீட்டர் கீச்சென்று கத்தியது. வேலைக்காரன் தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் செத்திருக்கிறான் என்று தோன்றியது.

பழையபேட்டையில் மொபைல் சர்வீஸ் செய்கிற ஒரு பையனிடம் எடுத்துப் போனேன். சூடான காற்றால் ஈயத்தை உருக்கிச் சிறு பாகங்களைக் கழற்றுகிற ஹாட் ஏர் என்னிடம் கிடையாது.

"இதே நம்பர் போர்டு ஆன்லைன்ல கெடைக்கும்ண்ணா, வாங்கி மாத்திடலாமே?"

"மாத்துனா ஓடாது தம்பி. இந்த எட்டுக் கால் சிப்புல இந்த டிஸ்க்கோட ஹெட் கணக்கெல்லாம் எழுதியிருக்கும். அதையும் எடுத்துப் புது போர்டுல வெக்கணும்."

"அப்ப டயோடை மட்டும் எடுத்துப் பாக்கலாம்ங்கறீங்க?"

"எடுத்துட்டு மொதல்ல மீட்டர் வெப்போம். அப்பவும் ஷார்ட்டுன்னா நிறுத்திக்கலாம், பெங்களூருக்கு அனுப்பிடறேன்."

அவன் டயோடைத் தூக்கியதும் 12 வோல்ட் லைன் சில கிலோ ஓமுக்கு ஏறியது. மோட்டார் சிப் பிழைத்திருக்கிறது. போர்டின் பின்பக்கம் மோட்டாரையும் ஹெட்டையும் தொடும் புள்ளிகள் கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தேன். இருபது ரூபாய்தான் கேட்டான். நான் வற்புறுத்தி நூறு கொடுத்தேன்.

வீட்டில் மாட்டியபோது டயோடு இல்லாத டிஸ்க்குக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை என்பது நினைவிலேயே இருந்தது. அடாப்டரின் வோல்டேஜை முதலில் மீட்டரில் பார்த்தேன்: 12.1. சொருகினேன். உய்ங்ங் என்று சுற்ற ஆரம்பித்த சத்தம் கேட்டதும் என் மனைவியைக் கூப்பிட்டுவிட்டேன்.

விண்டோஸில் மாட்டவில்லை. அது தானாகச் சரிபார்க்கிறேன் என்று டிஸ்க்கில் எதையாவது எழுதும். கம்ப்யூட்டரை லினக்ஸ் பென் டிரைவில் எழுப்பி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரம் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார் (தட்டில் தகவல் இருக்கும் சின்னத் துண்டு) 0, படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பது 8. இது அடாப்டர் செய்ததா முன்பே இருந்ததா, யோசித்துப் பயனில்லை. டிடிரெஸ்க்யூ என்ற நகல் எடுக்கும் மென்பொருளைப் போட்டு முழு டிஸ்க்கையும் புதிய டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். அது நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் வரும். எங்கே விட்டது என்று ஒரு மேப் கோப்பில் குறித்தும் வைக்கும். நடுவில் கரண்ட் போனது, மறுபடி அதே கட்டளையைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது. ஓடிய நேரம் மட்டும் கூட்டினால் நான்கு மணி நேரம்.

முடிவில் 12 கேபி மட்டும் வரவில்லை. அந்த இடங்களில் இருந்தவை இரண்டு படங்கள். ஒன்று சாலை. இன்னொன்று ஆநிரை, அதாவது மாட்டு மந்தை, மீட்டுச் செத்த வீரனின் கல். அதே கல்லை வேறு மூன்று கோணத்தில் எடுத்திருந்தேன், எழுத்து அவற்றில் தெளிவாக இருக்கிறது. எல்லாக் கோப்புறைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.

இனி ரிப்பேர் செய்வதா? புது டயோடு சில ரூபாய்தான். சர்வீஸ் பையனும் போட்டுத் தருகிறேன் என்றான். ஆனால் நகல் எடுத்து முடித்தபோது நிலுவை செக்டார் 8 இலிருந்து 24 ஆகியிருந்தது. வளர்கிற காயம் அது. வாங்கி ஆறு வருடம் ஆன டிஸ்க் வேறு. டயோடு போட்டால் ஓடும்தான், நான் அதில் ஒரு படத்தைக்கூட வைக்கமாட்டேன். வைக்காத டிஸ்க்குக்கு ரிப்பேர் எதற்கு?

டயோடு இல்லை, 12 வோல்டைத் தவிர வேறு கொடுக்கக்கூடாது என்று எழுதி ஒட்டி, துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். புதிய டிஸ்க்கிலிருந்து இன்னொரு நகல் எடுத்து தருமபுரியில் அக்கா வீட்டில் கொடுத்தாயிற்று. 19 வோல்ட் முனையில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. வரும் ஞாயிறு அந்த வீரன் கல்லுக்கு மறுபடியும் கிளம்புகிறேன். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை என்று ஊர்க்காரர் போனில் சொன்னார்.