தலைகீழாக அடுக்கிய புல்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு முன்பக்கம் 300 சதுர அடிக்குப் புல்தரை இருந்தது. பார்க்க அழகுதான். கோடை வந்தால் குடிக்கிற தண்ணீருக்குக் கணக்கே கிடையாது. இரண்டு வருடம் முன்பு டிசம்பரில், மழை ஓய்ந்து மண் பதமாக இருந்தபோது, அதைச் செதுக்கிவிட்டுக் காய்கறிப் பாத்தி போடலாம் என்று இறங்கினோம்.

வேலைக்கு வந்த அண்ணன் மண்வெட்டியால் இரண்டு அங்குலக் கனத்தில் பாளம் பாளமாகப் பெயர்த்துப் போட்டார். “இதைய டிராக்டர்ல ஏத்தி உட்டுட்டு ரெண்டு லோடு செம்மண் அடிச்சறலாமுங்க” என்றார். ஒரு பாளத்தைப் புரட்டிப் பார்த்தேன். வேர்ப் பின்னலுக்குள் கறுப்பாக, பொலபொலவென்று மண். தோட்டத்திலேயே நல்ல மண் அந்த இரண்டு அங்குலம்தான். அதைக் கொட்டிவிட்டுச் செம்மண்ணைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

மோட்டார் ரூமுக்குப் பின்னால் அடுக்கினோம். புல் கீழே, வேர் மேலே. இரண்டு வரிசைக்கு ஒருமுறை சாணிக் கரைசல். மூன்றடி உயரம் வந்ததும் தண்ணீர் தெளித்து, பின்பக்கம் கறுப்பாக இருக்கும் பழைய கல்யாண ஃப்ளெக்ஸ் ஒன்றைப் போர்த்திக் கல் வைத்தேன். வெளிச்சம் கிடைக்காமல் புல் செத்து மட்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மாப்பிள்ளையும் பெண்ணும் பத்து மாதம் எங்கள் மதிலோரம் சிரித்தபடியே கிடந்தார்கள்.

நான் சொதப்பியது இங்கேதான். புல்தரையின் ஒரு மூலையில் கோரைக் களை இருந்தது. அந்தப் பாளங்களையும் மற்றதோடு சேர்த்து அடுக்கிவிட்டேன். போதாததற்கு, மூன்றாவது மாதமே அவசரப்பட்டு நான்கு சட்டி மண்ணை எடுத்துக் கீரைப் பாத்தியில் கொட்டினேன். கீரைக்கு முன்னால் கோரை வந்து நின்றது. பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும். கீழே கிழங்கு இருக்கும், அதிலிருந்து ஒரு நரம்பு, நரம்பின் முனையில் அடுத்த கிழங்கு. களையெடுக்க வரும் பாட்டி பார்த்துவிட்டு, “புடுங்காத கண்ணு, தோண்டு” என்றார்.

வெளிச்சம் படாமல் மண்ணை மூடும் கறுப்பு மல்ச்சிங் ஷீட் போட்டுப் பார்த்தேன். ஒரே வாரத்தில் ஊசி குத்தியது போல ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே தலைநீட்டியது! இருட்டில் வளரும் கோரைக் குருத்து இலை விரிக்காமல் கூராகவே மேலேறும். வெளிச்சம் பட்ட பிறகுதான் விரியும். அதனால் ஏப்ரல் நடுவில் பாத்தியை நன்றாக நனைத்து, கண்ணாடி மாதிரித் தெளிவான பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, நான்கு ஓரத்தையும் மண் போட்டு மூடினேன். குருத்து தாளுக்கு அடியிலேயே இலை விரித்து, கத்திரி வெயிலில் வெந்து போனது. ஐந்து வாரம் கழித்து எடுத்தபோது சின்னக் களை விதைகள் பெரும்பாலும் போயிருந்தன. கோரை குறைந்திருந்தது, ஒழியவில்லை. ஆழத்தில் இருக்கும் கிழங்குக்கு அந்தச் சூடு போய்ச் சேராது.

அதன்பிறகு கைவேலைதான். பாத்திக்குத் தண்ணீர் விட்டுப் பத்து நாள் சும்மா இருப்பேன். முளைத்ததையெல்லாம் களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டியெடுத்த பிறகே விதைப்பேன். தலைகாட்டி மூன்று வாரத்துக்குமேல் விட்டால் புதுக் கிழங்கு வைத்துவிடும், எடுத்த வேலையெல்லாம் வீண்.

அருகம்புல் வேறு மாதிரி. கணு உள்ள ஒரு துண்டு போதும் அதற்கு. பிள்ளையாருக்குப் போக மிச்சத்தை மொட்டை மாடியில் காயப்போட்டு, சருகாக நொறுங்கிய பிறகே குப்பைக் குழியில் சேர்த்தேன்.

அக்டோபரில் ஃப்ளெக்ஸைத் தூக்கினேன். மூன்றடி அடுக்கு பாதியாக அமுங்கியிருந்தது. புல்லின் அடையாளமே இல்லை, மண்புழு நிறைய. ஓரங்களில் மட்டும் கோரை எட்டிப் பார்த்தது. கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையை இரவல் வாங்கி முழுவதையும் சலித்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது, முதுகும் போனது. சல்லடையில் தங்கிய கிழங்கு அரை பக்கெட் இருக்கும். அவற்றை மாடி வெயிலில் சுருங்கக் காயவைத்து அடுப்பில் போட்டோம்.

சலித்த மண்ணில் கத்தரி நட்டு, மேலே சருகும் தென்னை ஓலையும் கனமாகப் பரப்பினேன். செம்மண் லோடு ஒன்றுகூட வாங்கவில்லை. இன்றும் காலையில் பாத்தியைச் சுற்றி வரும்போது கையில் களைக்கொத்து இருக்கும். போன வாரக் கணக்கு ஏழு கோரை.