பதினேழு பி படிவத்தில் ஒரு பெயர்

அரசுப் பள்ளி ஆசிரியராக இருக்கும் நான் பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். அவற்றுள் 2019 ஏப்ரல் 18 அன்று, குளச்சலுக்கு அருகே ஒரு கடற்கரை ஊரில் செய்த பணி இன்றும் என்னை உறுத்துகிறது. அன்று கிறிஸ்தவர்களின் பெரிய வியாழன். மாலையில் பாதம் கழுவும் சடங்குக்குக் கோயிலுக்குப் போகவேண்டும் என்பதால், ஏழு மணிக்கு முன்பே பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் ஐம்பது மாதிரி வாக்குகளைப் பதிந்து அழித்து, யாருக்கு வாக்கு பதிவானது என்று அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியில் விழுந்த சீட்டுகளைக் கறுப்பு உறையில் இட்டு முத்திரை வைத்தபோது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற நிறைவு எனக்கு இருந்தது.

பதினொரு மணியளவில் எழுபதைக் கடந்த ஒரு தாயார் வந்தார். வாக்காளர் பட்டியலில் அவருடைய பெயருக்குக் கீழே ஏற்கெனவே கோடு போடப்பட்டிருந்தது. அவர் இடது கை ஆள்காட்டி விரலை என் முன்னால் நீட்டினார். நகத்திலும் தோலிலும் மையின் சுவடே இல்லை.

“சாரே, எனக்க ஓட்ட ஆரு போட்டா?”

அதே தெருவில் அதே பெயரில் மூவர் இருந்தார்கள். கணவர் பெயரையும் வீட்டு எண்ணையும் வாசிக்காமல், பெயரை மட்டும் பார்த்துக் கோடு போட்டது எங்கள் குழுவின் தவறு. அதைக் கவனிக்காதது என் தவறு. இத்தகைய நிலைக்கென்றே 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தும் விதிகளில் 49பி (49P) இருக்கிறது. அதன்படி அவர் கருவியில் பொத்தானை அழுத்த முடியாது. இப்படி வாக்களிப்பவர்களின் பட்டியலான 17பி (17B) படிவத்தில் கையொப்பம் பெற்று, அச்சிட்ட வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுத்தேன். அவர் மறைவுக்குள் சென்று முத்திரை குத்தி, நாலாக மடித்துத் தந்தார். நாங்கள் டெண்டர் ஓட்டு என்று சொல்வது இதைத்தான்.

“இத எண்ணுவாளா சாரே?” என்று கேட்டார். நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் எண்ணுவார்கள் என்ற உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல், உறைக்குள் சீட்டு போவதைப் பார்த்துவிட்டே வெளியேறினார்.

பனையேறிக் குடும்பத்தில் பிறந்த என் பாட்டியை அப்போது நினைத்துக்கொண்டேன். இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த காலத்தில், 1904இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபை என்ற மக்கள் அவைக்குள் நுழையப் பெரும்பாலும் நிலமும் கரம் (நிலவரி) தீர்த்த ரசீதும் வேண்டியிருந்தன. ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளிலும், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்கூட, சொத்து, வரி, கல்வி என்று ஏதேனும் ஒரு தகுதி இருந்தவருக்கே பெரும்பாலும் வாக்கு கிடைத்தது. 1948இல் திருவிதாங்கூர் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்து தேர்தல் நடத்தியது. ஈராண்டுகளுக்குள் அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு அதை நாடு முழுவதற்கும் உறுதிசெய்தது. ரசீது காட்ட முடியாத என் பாட்டிக்கு வாக்கு கிடைத்தது அப்படித்தான். இந்த நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று, இன்றைய தமிழ்நாடான அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவர் ஏற்கெனவே வாக்காளர்.

ஆயினும் அந்த உரிமை தங்கியிருப்பது பட்டியலில் உள்ள ஒற்றை வரியில்தான். 1951–52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலின்போது, தம் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் பதிந்திருந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் பட்டியலிலிருந்து நீக்க நேர்ந்தது. கடுமையான முடிவு, ஆனால் பெண்ணுக்குத் தன் பெயரிலேயே வாக்கு என்பதில் அவர் விட்டுக்கொடுக்காமல் நின்றது சரியென்றே நான் நினைக்கிறேன். பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த ஒருவருக்கு, அந்தப் பெயரைச் சரியாக வாசிக்காமல் நாங்கள் வாக்கை இழக்கச் செய்தோம். இயந்திரத்தைச் சந்தேகித்துக் கேட்கும் கேள்விகளுக்குப் பயிற்சி வகுப்பில் நீண்ட விளக்கம் தருகிறார்கள். வாசிப்பதைப் பற்றி ஒரு நிமிடம்கூட யாரும் பேசுவதில்லை.

2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத்துக்கும் கன்னியாகுமரி மக்களவை இடைத்தேர்தலுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண் ஆகிய மூன்றையும் உரக்க வாசித்து, வந்தவர் ஆம் என்ற பிறகே கோடு போடவேண்டும் என்று முதல் வாக்குப்பதிவு அலுவலரிடம் சொல்லியிருந்தேன். வரிசை நீண்டது, வெயிலில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், சீக்கிரம் ஆகட்டும் என்று மண்டல அலுவலரும் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாலைவரை அப்படியே வாசிக்கச் செய்தேன்.